அம்மி கொத்த ஆள் வருவதில்லை: புழங்குபொருள் கேள்வி பதில்

பரணில் ஏறிவிட்ட பொருள்களைப் பற்றி எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அடுக்களையைச் சுற்றியே இருக்கின்றன. பொருள் இன்னும் வீட்டில் இருக்கிறது. அதைப் பழக்கும் விதம் சொல்ல ஆளில்லை, பழுதுபார்க்க வந்தவர் தெருவில் குரல் கொடுப்பதில்லை. அவர்கள் கை செய்த வேலையை முடிந்தவரை எழுத்தில் தருகிறோம்.

மாமியார் கொடுத்த ஈயச் சொம்பில் முதல் முறை ரசம் வைத்தபோதே அடியில் ஓட்டை விழுந்துவிட்டது. அதோடு, ஈயம் விஷம், தூக்கிப் போடு என்கிறான் மகன். என்ன செய்வது?
வாசகி, மயிலாடுதுறை

முதலில் மகனுக்குப் பதில். தமிழில் ஈயம் என்று இரண்டு உலோகங்களைச் சொல்கிறோம். ரசச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. விஷமானது காரீயம். பெயர் ஒட்டியிருப்பதால் வரும் குழப்பம் இது. ஆனால் அவர் பயத்தில் நியாயமும் இருக்கிறது. வெள்ளீயம் விலை கூடியது, காரீயம் மலிவு. கலப்படம் செய்பவர்கள் கலப்பது அதைத்தான்.

வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். சொம்பை எடை போடுங்கள். அகலமான பாத்திரம் ஒன்றைத் தட்டின் மேல் வைத்து விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். சொம்பைச் சாய்த்து, உள்ளே காற்று தங்காமல் மெதுவாக முழுக்க அமிழ்த்துங்கள். தட்டில் வழிந்த தண்ணீரை மில்லி லிட்டரில் அளந்து, சொம்பின் எடையை அந்த அளவால் வகுங்கள். சுத்த வெள்ளீயத்துக்கு 7.3 வரும், காரீயத்துக்கு 11.3. அரைக் கிலோ சொம்பு என்றால் வெள்ளீயம் 68 மில்லி தண்ணீரை வெளியேற்றும், காரீயம் 44 மில்லிதான். விடை எட்டைத் தாண்டினால் அந்தச் சொம்பில் சமைக்க வேண்டாம். பத்தில் ஒரு பங்கு கலப்படம் இந்தச் சோதனையில் பிடிபடாது. அதற்கு எக்ஸ்ரே கருவி வைத்திருக்கும் உலோகப் பரிசோதனைக் கூடத்துக்குத்தான் போக வேண்டும். புதிதாக வாங்குபவர்கள் கடைக்காரரிடம் பரிசோதனைச் சீட்டைக் கேட்டே வாங்குங்கள்.

இனி ஓட்டை. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். காஸ் அடுப்பின் தீ அதைப்போலப் பல மடங்கு சூடு. அப்படியிருந்தும் ரசம் கொதிக்கும்போது சொம்பு உருகாமல் நிற்பதற்குக் காரணம், உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாமல் சூட்டை வாங்கிக்கொண்டே இருப்பதுதான். தண்ணீர் இல்லாத இடத்தில் அந்தக் காவல் இல்லை. ஆகவே புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். சொம்பில் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தீ அடிவட்டத்துக்குள்ளேயே நிற்க வேண்டும், பக்கவாட்டில் ஏறி நக்கினால் ரசம் தொடாத மேல்பகுதி இளகும். சொம்பிலேயே எண்ணெய் விட்டுத் தாளிப்பவர்கள் உண்டு. காய்ந்த எண்ணெய் 200 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும் என்பதால் அது கூடவே கூடாது. இரும்புக் கரண்டியில் தாளித்து, நுரை கூடி வரும் ரசத்தில் கொட்டி இறக்குங்கள். வற்ற விட்டுப் பேச்சில் உட்கார்ந்துவிடுவதும் ஓட்டைக்கு ஒரு காரணம்.

ஓட்டை சிறியதென்றால் ஈயப் பாத்திரம் வார்ப்பவர்கள் வெள்ளீயமே வைத்து அடைத்துத் தருவார்கள். கும்பகோணத்துப் பாத்திரக் கடைகளில் விசாரித்தால் ஆள் சொல்வார்கள். ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் இடத்தில் சால்டர் (பற்றவைக்கும் கம்பி) வைத்து அடைக்காதீர்கள். அந்தக் கம்பியில் நூற்றுக்கு 40 பங்கு காரீயம் இருப்பது சகஜம். நல்ல சொம்பை நாமே விஷமாக்கிக்கொள்வதாகும்.

பாட்டி எழுதி வைத்த சமையல் நோட்டில் வீசை, பலம், ஆழாக்கு, உழக்கு என்றே இருக்கிறது. இவற்றை கிராமில் மாற்ற முடியுமா? ஒருமுறை மாவடு போட்டு, உப்பு கரித்து வீணாகிவிட்டது.
வாசகி, திருநெல்வேலி

மாற்றலாம். ஆனால் நிறுத்தல் ஒரு கணக்கு, முகத்தல் இன்னொரு கணக்கு. இரண்டையும் கலந்தால்தான் உப்பு கரிக்கிறது.

நிறுத்தல் எளிது. சென்னை மாகாணக் கணக்கில் ஒரு மணங்கு 25 ராத்தல், அதாவது 11.34 கிலோ. எட்டு வீசை ஒரு மணங்கு, ஆகவே ஒரு வீசை ஏறத்தாழ 1.4 கிலோ. நாற்பது பலம் ஒரு வீசை, ஆகவே ஒரு பலம் 35 கிராம். எட்டுப் பலம் ஒரு சேர், அது 280 கிராம். தோலா 11.66 கிராம், மூன்று தோலா ஒரு பலம். ராத்தல் என்பது பவுண்டு, 454 கிராம். (இலங்கையில் இன்னும் பாணை, அதாவது ரொட்டியை, இறாத்தல் என்றே கேட்டு வாங்குகிறார்கள்.) மெட்ரிக் சட்டம் 1956ல் வந்தது, 1958 அக்டோபரில் தொடங்கிப் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. நோட்டு அதற்கு முன்னால் எழுதப்பட்டிருந்தால் இந்தக் கணக்கைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

முகத்தலில்தான் சிக்கல். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். இந்த வாய்ப்பாடு சரி. ஆனால் படியின் அளவே ஊருக்கு ஊர் மாறியது. பட்டணம் படி என்றும் சின்னப் படி என்றும் பாட்டிகள் பிரித்துச் சொன்னது இதனால்தான். புத்தகத்தில் அச்சான ஒரே எண்ணை நம்பி இறங்காதீர்கள். வீட்டில் பாட்டி புழங்கிய பித்தளைப் படியோ ஆழாக்கோ எங்காவது கிடக்கும். அதில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, மில்லி லிட்டர் கோடு போட்ட குவளையில் அளந்து, அந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். அதுதான் உங்கள் குடும்பத்து ஆழாக்கு. அளவுப் பாத்திரம் கிடைக்காவிட்டால் பங்கு விகிதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'நாலு படி அரிசிக்கு ஒரு படி உளுந்து' என்பதற்கு எந்த டம்ளரும் போதும்.

இன்னொன்று, தலை தட்டியா குவித்தா என்று பாருங்கள். குவித்து அளந்தால் வாய் அகன்ற படியில் நல்ல வித்தியாசம் வரும். 'தலை தட்டி' என்று எழுதாத இடங்களில் தானியத்தைக் குவித்தும், உப்பு, மிளகாய்த்தூளைத் தட்டியும் அளப்பது பொதுவான வழக்கம்.

உங்கள் மாவடு கரித்ததற்குக் காரணம், நோட்டில் கல் உப்பு என்று இருந்ததை நீங்கள் அதே ஆழாக்கால் தூள் உப்பாக அளந்ததாக இருக்கலாம். கல் உப்பில் கல்லுக்குக் கல் இடைவெளி உண்டு. தூள் உப்பு அந்த இடைவெளியையும் நிரப்பிக்கொள்ளும். ஒரே ஆழாக்கில் தூள் உப்பு எடை கூடுதல். அதனால் உப்பை மட்டும் எப்போதும் நிறுத்துப் போடுங்கள். ஒரு கிலோ வடுவுக்கு 125 முதல் 150 கிராம் கல் உப்பு அளவாக இருக்கும். அதைவிடக் குறைத்தால் வடு சுருங்காமல் மேலே பூஞ்சை கட்டும். அரிசியைப் பொறுத்தவரை ஒரு லிட்டர் அளவு பச்சரிசி 800 முதல் 850 கிராம் நிற்கும், இதை வைத்து மற்ற கணக்குகளைப் போடலாம். நெல்லிக்காய் அளவு புளி சுமார் 15 கிராம், எலுமிச்சை அளவு 30 முதல் 40 கிராம்.

அம்மியில் அரைத்தால் வழுக்குகிறது, மிளகாய் மசியவே இல்லை. கொத்த ஆள் கிடைக்கவில்லை. நாமே கொத்தலாமா?
வாசகர், ஒட்டன்சத்திரம்

கொத்தலாம். பொறுமையும் கண்ணாடியும் வேண்டும்.

அம்மி அரைப்பது அதன் வழவழப்பால் நடப்பதில்லை. மேலே இருக்கும் சின்னச் சின்னக் குழிகளின் விளிம்புதான் மிளகாயைக் கிழிக்கிறது. குழி தேய்ந்துவிட்டால் குழவி பனிக்கட்டி மேல் போவதுபோல் போகும். தினமும் அரைக்கும் வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொத்துவார்கள். வாரம் இருமுறை மட்டும் அரைத்தால் ஆண்டுக்கு ஒருமுறை போதும்.

வேண்டியவை: கருங்கல் கொத்தும் கூர் உளி, அரைக் கிலோ சுத்தியல், ஒரு மணல் சாக்கு, கண்ணை மூடும் கண்ணாடி, மூக்கை மூடத் துணி. அம்மியை டைல்ஸ் தரையிலோ சமையல் மேடையிலோ வைத்துக் கொத்தவே கூடாது, அடியில் உள்ளது பிளந்துவிடும். வெளியே மணல் சாக்கின் மேல் ஆடாமல் வையுங்கள். கல்லை நனைத்துக்கொண்டே இருங்கள். கருங்கல் தூசி நுரையீரலுக்குக் கேடு, நனைந்தால் பறக்காது.

உளியைச் சற்றே சாய்த்துப் பிடித்துச் சின்னத் தட்டாகத் தட்டுங்கள். ஓங்கி அடித்தால் கல் செதிலாகப் பெயர்ந்து பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் பிறகு எப்போதும் அரைப்பு தங்கும். ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் ஒரு நெல் நீளம் இடைவெளி போதும். ஆழம் ஒரு மில்லிமீட்டர் அளவு, கையால் தடவினால் பூனை நாக்குபோல் சொரசொரக்க வேண்டும். வரிசை வரிசையாகப் போங்கள், ஓரத்தில் இரண்டு விரற்கடையை விட்டுவிடுங்கள். நடு அம்மி அதிகம் தேய்ந்து தொட்டிலாகியிருந்தால் மேடாக நிற்கும் இரு முனைகளையும் கூடுதலாகக் கொத்தித் தணிக்க வேண்டும். நடுவையே மறுபடி கொத்தினால் பள்ளம் ஆழமாகும். குழவியை மறக்காதீர்கள். அம்மியை மட்டும் கொத்திக் குழவியை விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு, பாதிப் பலன்தான் கிடைக்கும்.

கொத்தியதும் கெட்டியான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு பிடி உமி அல்லது குருணை அரிசி, அரைப் பிடி கல் உப்பு சேர்த்து அரைத்து வழித்து எறியுங்கள். முதல் முறை சாம்பல் நிறத்தில் வரும். மூன்று, நான்கு முறை செய்தால் வெள்ளையாக வரும். விரலிடையில் நெருடிப் பாருங்கள், மணல் தட்டுப்படாத வரை நிறுத்தாதீர்கள். கடைசியாக மஞ்சள் ஒரு முறை, தேங்காய் ஒரு முறை அரைத்து எறிந்துவிட்டுச் சமையலுக்கு எடுக்கலாம். கடையில் புது அம்மி வாங்கினாலும் இதே பழக்கம்தான். வாங்கும்போது ஈரத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். கருமை துணியில் ஒட்டினால் சாயம் பூசிய கல். சாவியால் கீறினால் கோடு ஆழமாக விழுகிறதா? மென்கல், மணல் உதிரும்.

அரைக்கும் வரிசையும் முக்கியம். கல் உப்பும் காய்ந்த மிளகாயும் முதலில், தண்ணீர் தெளித்து. மிளகாய் மசிந்த பிறகு மல்லி, சீரகம். பிறகு தேங்காய். சின்ன வெங்காயம் கடைசியில். வெங்காயத்தை முதலில் வைத்தால் அதன் சாறு வழுக்கி மிளகாய் திப்பித் திப்பியாக நின்றுவிடும். இடுப்பு வலி உள்ளவர்கள் தரையில் உட்கார்ந்தே அரைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நின்றால் கை நேராக ஊன்றும் உயரத்தில் செங்கல் திண்ணை கட்டி அம்மியை வைத்துக்கொள்ளுங்கள்.

வெட் கிரைண்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோயம்புத்தூர் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருள், அதன் உயிர் கல்தான். உளுந்து அரைபட முன்பைவிட நேரமாகி மாவு சுடுகிறது என்றால் மோட்டாரைக் குறை சொல்லும் முன் கல்லைத் தடவிப் பாருங்கள். அதையும் கொத்த வேண்டும். இதைச் சர்வீஸ் கடையில்தான் செய்ய வேண்டும், உருளைகளின் வட்டம் கெட்டால் தொட்டியில் அடிக்கும்.

இணையத்தில் வாங்கிய கல்சட்டி அடுப்பில் வைத்த பத்தாவது நிமிடம் 'டக்'கென்று விரிந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?
வாசகி, பெங்களூரு

ஏமாற்றாக இருக்க வேண்டியதில்லை. பழக்காத சட்டி அப்படித்தான் விரியும். கல்சட்டி மாக்கல்லில் கடைந்தது, நகத்தால் கீறினாலே கோடு விழும் மென்மை. சேலம் பக்கம் இதைக் கடைபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புதுச் சட்டியின் துளைகளில் ஈரமும் கல்மாவும் இருக்கும். அடி மட்டும் சட்டென்று சூடாகி விரிவடைய, மேல்பகுதி குளிர்ந்தே நிற்க, இரண்டுக்கும் நடுவில் கல் தெறிக்கிறது.

பழக்குவதற்குப் பத்து நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் சாதாரணத் தண்ணீரில் கழுவி, வெதுவெதுப்பான அரிசி கழுவிய தண்ணீரை நிரப்பி வையுங்கள். அடுத்த மூன்று நாள் சோறு வடித்த கஞ்சியை, முதலில் ஆறியதும் பிறகு சற்றுச் சூடானதுமாக, நாளுக்கு ஒருமுறை மாற்றி ஊற்றுங்கள். ஐந்தாம் நாள் துடைத்து நிழலில் உலர்த்தி, விளக்கெண்ணெயில் மஞ்சள்தூள் குழைத்து உள்ளும் புறமும் அடியிலும் தடவி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் இன்னொரு தடவல். ஏழாம் நாள் முக்கால் சட்டி கஞ்சி ஊற்றி, மிகச் சிறிய தீயில் பத்து நிமிடம் வைத்து இறக்கி, தானாக ஆற விடுங்கள். எட்டாம் நாள் இருபது நிமிடம், ஒன்பதாம் நாள் கொதி வரும் வரை. பத்தாம் நாள் கீரை மசியல் செய்யலாம். வற்றல் குழம்பு, தாளிப்பு எல்லாம் ஒரு மாதம் புழங்கிய பிறகு. அதற்குள் சட்டி கருத்து மினுங்கத் தொடங்கியிருக்கும், அதுதான் பழகியதற்கு அடையாளம்.

அதன் பிறகும் வெறும் சட்டியை அடுப்பில் வைப்பதும், சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும், இறக்கியதும் ஈர மேடையில் வைப்பதும் ஆகாது. அடியில் பிரிமணை (வைக்கோல் வளையம்) வையுங்கள். சூடு தங்கும் பாத்திரம் என்பதால் குழம்பு முக்கால் பதத்தில் இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிடலாம், மீதி தானாக வற்றும். சோப்புத்தூளும் வேண்டாம், துளையில் ஏறி அடுத்த குழம்பில் மணக்கும். கடலை மாவோ சாம்பலோ போதும். விரிந்த சட்டியைப் பசை வைத்து ஒட்டிச் சமைக்காதீர்கள். கீறல் மெல்லியதாக இருந்தால் உப்புச் சட்டியாக வைத்துக்கொள்ளலாம்.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது எதற்கு? சும்மா விளக்கிவிட்டுப் புழங்கினால் என்ன?
வாசகர், செஞ்சி

தண்ணீர் பிடிக்கவும் நெல் அவிக்கவும் பூச்சு தேவையில்லை. புளியும் மோரும் எலுமிச்சையும் பட்டால்தான் ஆபத்து. பித்தளை, செம்பும் துத்தநாகமும் கலந்தது. புளிப்பு இரண்டையும் கரைத்துச் சோற்றில் இறக்கும். களிம்பு ஏறிய சாம்பார் குமட்டி வாந்தி எடுக்க வைக்கும்.

பூசும் வேலை பார்க்கச் சுலபமாகத் தெரியும். பாத்திரத்தைப் புளியும் மணலும் வைத்துத் தேய்த்து, துருத்தி ஊதும் கரி அடுப்பில் காய வைத்து, நவச்சாரத் தூளைத் தூவுவார்கள். வெண்புகை எழும்பி உலோகத்தின் மேல் உள்ள அழுக்கை எடுத்துக்கொண்டு போகும். அந்த நொடியில் வெள்ளீயக் குச்சியைத் தொட்டுப் பஞ்சால் சுழற்றித் துடைத்தால் கண்ணாடிபோல் படரும். அந்த ஒரு நொடி தவறினால் ஒட்டாது. சூடு குறைந்தால் திட்டுத் திட்டாக நிற்கும், கூடினால் ஈயம் கருகி மஞ்சளாகும். புகை நெஞ்சைப் பிடிக்கும். இதை வீட்டுக்குள் முயல வேண்டாம், திறந்த வெளியில் பழகியவர் கையால் நடக்கட்டும். உங்கள் வேலை ஒன்றுதான். நீங்களே வெள்ளீயம் வாங்கிக் கொடுங்கள், அல்லது என்ன குச்சி என்று பார்த்துவிடுங்கள். காகிதத்தில் தேய்த்தால் பென்சில்போல் கோடு விழும் குச்சி காரீயம் கலந்தது.

பூசிய பிறகு கம்பி நார் தொடக்கூடாது, தேங்காய் நார்தான். உள்ளே மஞ்சள் எட்டிப் பார்க்கும் நாள்தான் மறுபூச்சுக்கு நாள்.

இயற்கை விவசாயியிடம் அரிசி வாங்குகிறோம். கல் நிறைய. முறத்தில் புடைத்தால் அரிசியும் சேர்ந்து கொட்டுகிறது.
வாசகி, சென்னை

புடைப்பதும் கொழிப்பதும் வேறு வேறு அசைவுகள். புடைக்கும்போது முறத்தை மேலும் கீழும் தட்டுகிறோம், உமியும் தூசியும் நுனிப்பக்கம் பறக்கும். கல்லைப் பிரிக்கப் புடைத்துப் பயனில்லை, அரிசியும் கல்லும் கிட்டத்தட்டச் சேர்ந்தே எழும்பும். கல்லுக்குக் கொழிக்க வேண்டும். ஒரே தடவையில் கால் படிக்கு மேல் போடாமல், முறத்தைச் சற்றுத் தாழ்த்திப் பக்கவாட்டில் அரைவட்டமாக ஆட்டினால் கனமான கல் ஓரிடத்தில் ஒதுங்கும்.

அதிலும் தப்பும் பொடிக்கல்லுக்கு அரித்தல்தான். உள்ளே வரிவரியாக மேடு வைத்த மண் அரிக்கஞ்சட்டி இதற்கென்றே இருந்தது. அது இல்லாவிட்டால் இரண்டு சாதாரணப் பாத்திரம் போதும். அரிசி மூழ்கி நான்கு விரற்கடை தண்ணீர் நிற்கட்டும். பாத்திரத்தைச் சாய்த்து வட்டமாக ஆட்டியபடியே, மேலே மிதந்து வரும் அரிசியைத் தண்ணீரோடு அடுத்த பாத்திரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வழிய விடுங்கள். தண்ணீர் குறைந்தால் அதே தண்ணீரை மறுபடி ஊற்றிக்கொள்ளுங்கள். ஆட்டம் நின்றால் கல்லும் சேர்ந்து நகரும், கை ஓயக்கூடாது. கடைசியில் ஒரு கரண்டி அரிசி கல்லோடு தங்கும். அதையும் மீட்கப் பார்ப்பவர்கள்தான் பல்லை உடைத்துக்கொள்கிறார்கள், காக்கைக்குப் போட்டுவிடுங்கள்.

முறத்தில் இடுக்கு இருந்தால் மெழுக வேண்டும். அச்சடிக்காத வெள்ளைக் காகிதத்தை இரண்டு நாள் ஊற வைத்து இடித்துக் கூழாக்கி, இரவெல்லாம் ஊறிய 100 கிராம் வெந்தயத்தை வழவழவென்று அரைத்துச் சேருங்கள். மெல்லிசாக இருபுறமும் தடவி இரண்டு, மூன்று நாள் வெயில் காட்டுங்கள். கனமாகத் தடவினால் காய்ந்ததும் பாளம் பாளமாக வெடித்து உரியும். செய்தித்தாள் வேண்டாம், மை அரிசியில் படும்.

மண்பானைத் தண்ணீர் முன்போல் குளிரவில்லையே?
வாசகர், கடலூர்

பானையின் துளை வழியே கசியும் ஈரம் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டைக் கொண்டுபோகிறது. எனவே இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று துளை அடைத்திருக்கும்: வெளியே வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பு. தேங்காய் நாரும் மணலும் வைத்துத் தேய்த்து, புளித்தண்ணீரில் ஒரு இரவு ஊற வைத்து அலசுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் ஆயுள் முடிந்தது, கோடைக்குக் கோடை புதுப்பானை வாங்கியது இதனால்தான். மற்றது காற்றில் ஈரம்: கடலோர ஊர்களில் ஆவியாவது மெதுவாகத்தான் நடக்கும், மதுரையில் குளிர்வதுபோல் கடலூரில் குளிராது. ஈர மணல் மேல், காற்றோட்டமுள்ள நிழலில் வைத்துப் பாருங்கள். வண்ணம் பூசிய அழகுப் பானை எந்த ஊரிலும் குளிராது.

பம்ப் ஸ்டவ்வும் பெட்ரோமாக்ஸும் இருக்கின்றன. சரி செய்து புழங்கலாமா?
வாசகர், பரமக்குடி

வேண்டாம். இந்தப் பக்கத்தில் நாங்கள் இப்படிச் சொல்வது அரிது. ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிதாகிவிட்ட நிலையில், கிடைத்ததைக் கலந்து ஊற்றும் ஆசை வரும். பெட்ரோல் கொஞ்சம் கலந்தாலும் அழுத்தமேற்றிய தொட்டி வெடிக்கும். எத்தனையோ பெண்கள் பம்ப் ஸ்டவ்வில் கருகியிருக்கிறார்கள். பித்தளைத் தொட்டியைக் காலி செய்து துடைத்து அலமாரியில் வையுங்கள்.

தாத்தா பாடிய பாட்டும் பேச்சும் ஒரு ஆடியோ கேசட்டில் இருக்கின்றன. கடையில் கொடுக்கப் பயமாக இருக்கிறது. நாமே கணினியில் ஏற்ற முடியுமா?
வாசகி, ஈரோடு

முடியும், அவசரப்படாமல் செய்தால். கேசட்டை எடுத்ததும் ஓட விடாதீர்கள். மேல் விளிம்பில் இரண்டு பிளாஸ்டிக் காதுகள் இருக்கும், அவற்றை உடைத்துவிடுங்கள். இனி தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. பிறகு ஜன்னல் வழியே நாடாவைப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பூஞ்சை. அதை ஓட்டினால் நாடாவைப் படிக்கும் ஹெட்டும் கெடும், நாடாவும் கெடும். ஒலிநாடா மீட்பு தெரிந்தவரிடம்தான் தர வேண்டும்.

சுத்தமாக இருந்தால், அடுத்து நாடாவுக்கு அடியில், நடுவில் இருக்கும் சின்னப் பஞ்சுத் திண்டைப் பாருங்கள். பழைய கேசட்டுகளில் பசை காய்ந்து அது விழுந்திருக்கும். அது இல்லாவிட்டால் ஒலி கம்மியாகவும் மங்கலாகவும் வரும். அப்போது ஐந்து திருகு போட்ட வேறொரு கேசட்டைத் திறந்து, அதன் கூட்டுக்குள் உங்கள் நாடாச் சுருள்களை மாற்றி வைக்கலாம். ஒட்டுக் கூடாக இருந்தால் விளிம்பில் கத்தி வைத்து மெதுவாகப் பிளக்க வேண்டும். நாடா அறுந்திருந்தால் சாதா செலோ டேப் ஒட்டாதீர்கள். அதன் பசை ஒழுகி அடுத்த சுற்றில் ஒட்டிக்கொள்ளும். நாடா ஒட்டவென்றே உள்ள ஸ்ப்ளைசிங் டேப்பைப் பின்பக்கத்தில் ஒட்டுங்கள்.

பென்சிலைச் செருகித் தளர்ந்த நாடாவை இறுக்கி, டெக்கில் (கேசட் ஓட்டும் கருவியில்) ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டுங்கள், ஒட்டியிருந்த சுற்றுகள் பிரியும். ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். ரப்பர் உருளைக்கு அது வேண்டாம், ஈரத் துணி போதும். யுஎஸ்பி செருகும் மலிவுக் கேசட் பெட்டிகளில் வேகம் ஆடும், குரல் நடுங்கும். இரவல் வாங்கியாவது நல்ல டெக் பிடியுங்கள். டெக்கின் லைன் அவுட்டிலிருந்து கணினியின் லைன் இன்னுக்குக் கம்பி போட வேண்டும். மைக் துளையில் செருகினால் ஒலி கரகரத்து உடையும், பிறகு சரிசெய்ய முடியாது. ஆடாசிட்டி மென்பொருள் இலவசம். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் கோப்பாகப் பதியுங்கள், உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு 600 எம்பிக்குச் சற்று மேல் இடம் பிடிக்கும். சி60 கேசட் பக்கத்துக்கு 30 நிமிடம், முழுவதும் ஒரே ஓட்டமாகப் பதியுங்கள்.

இரைச்சலை நீக்குவதெல்லாம் பிரதி எடுத்த பிறகு, பிரதியில் மட்டும். மூலக் கோப்பைத் தொடாதீர்கள். தாத்தா மூச்சு வாங்குவதையும் பின்னால் யாரோ தம்ளர் வைப்பதையும் இரைச்சல் என்று மென்பொருள் துடைத்துவிடும். கோப்பை இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள். கேசட்டையும் எறியாதீர்கள், பீரோவில் நட்டுக்குத்தலாக, ஸ்பீக்கர் பக்கம் போகாமல் இருக்கட்டும்.

அஞ்சலட்டை இன்னும் விற்கிறார்களா? பேத்திக்கு எழுதக் கற்றுத்தர வேண்டும்.
வாசகர், காரைக்குடி

விற்கிறார்கள், 50 காசுதான். இன்லண்ட் லெட்டர் இரண்டரை ரூபாய். தந்திதான் 2013 ஜூலை 15 முதல் இல்லை. சில்லறை இல்லை என்று கவுன்டரில் சொல்வதைத் தவிர்க்க மொத்தமாகப் பத்து, இருபது வாங்குங்கள். முகவரிப் பக்கத்தில் வலது பாதி முகவரிக்கு, அதில் செய்தி எழுதினால் பிரிப்பவர் குழம்புவார். ஆறு இலக்கப் பின்கோடைக் கட்டத்துக்கு ஒரு எண்ணாகப் பேத்தியையே எழுதச் சொல்லுங்கள், நம் ஊர் எண் எல்லாமே ஆறில் தொடங்கும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். மை பேனா வேண்டாம், மழையில் நனைந்தால் கரையும். பந்துமுனைப் பேனாவே நல்லது. பெட்டியில் போடும் முன் அதில் எழுதியிருக்கும் எடுக்கும் நேரத்தைப் பாருங்கள், கடைசி எடுப்பு முடிந்திருந்தால் நேராக அஞ்சலகத்திலேயே கொடுத்துவிடலாம்.